இலை போடுற வரைக்கும்

அருவியில் குளித்துவிட்டு வருகிற பசி தனி ரகம். ஐந்தருவியில் தலையும் முதுகும் மரத்துப்போகிற அளவுக்கு நின்றுவிட்டு, ஈர வேட்டியைப் பிழிந்து காரில் போடும்போதே அப்பா கேட்டுவிடுவார், "எங்கன சாப்பிடப் போறோம்?" வீட்டில் ஒன்றரை மணிக்குச் சாப்பிடுகிறவருக்கு அங்கே பன்னிரண்டுக்கே பசி வந்துவிடும். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை சீசன். சாரல் பிடித்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் குளித்த கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் செங்கோட்டை பக்கத்து பிரானூர் பார்டர் பரோட்டாக் கடைகளுக்கு வண்டியைத் திருப்பும். எங்கள் காரில் அப்பாவுக்குப் பசி, அத்தைக்கு முழங்கால் வலி, அண்ணன் மகனுக்குப் பரோட்டா அந்த நிமிஷமே வேண்டும்.

பார்டர் என்ற பெயர் சும்மா வந்ததில்லை. 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம்தான் இருந்தது. எல்லை மேற்கே போய்விட்டது, பெயர் பரோட்டாவோடு இங்கேயே தங்கிவிட்டது. 2019-இல் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டாலும் எங்கள் வீட்டில் இதெல்லாம் இன்னும் திருநெல்வேலிச் சீமைதான். பரோட்டா சின்னதாக இருக்கும், மேலே மொறுமொறு, உள்ளே மெத்து. இலையில் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி ஊறவிட்டுச் சாப்பிட வேண்டும். தொட்டுக்கொள்ள மிளகு தூக்கலாக நாட்டுக்கோழி.

சாப்பாட்டைப் பற்றிக் குறையே இல்லை. இடம் பிடிப்பதுதான் அப்பாவுக்கு ஆகாது. சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, அவர் எப்போது கை கழுவப் போவார் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர் எழுந்ததும் துண்டைப் போட்டு உட்கார வேண்டும். அப்பா அதை மட்டும் செய்யவே மாட்டார். "ஒருத்தன் வாயைப் பாத்துக்கிட்டு நிக்கச் சொல்லுதியா?" என்பார். ஊரில் சொந்தக்காரர் கல்யாணம் என்றால் பந்தி விசாரிக்கிற பொறுப்பு பல காலம் அவரிடம்தான் இருந்தது. ஒரு பந்தி எழுந்து, எச்சில் இலை எடுத்து, பெஞ்சைத் துடைத்து முடிக்கும் வரை அடுத்த பந்திக்காரர்களை வாசல் தாண்ட விடமாட்டார். துடைத்து முடித்ததும் அவரே வெளியே வந்து ஒவ்வொருவராக, "வாங்க அண்ணாச்சி, வாங்க மைனி, உக்காருங்க" என்று கூப்பிடுவார். அப்படிப் பழகின மனுஷனைக் கொண்டுபோய் முன்பின் தெரியாத ஒருவரின் முதுகுக்குப் பின்னால் நிற்க வைத்தால் அவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

போன சீசனில் ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) இடம் கிடைத்து உட்கார்ந்துவிட்டோம். இலை போட்டார்கள். அப்பா தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் வழித்துவிட்டுக் காத்திருந்தார். எங்களுக்குப் பின்னால் வந்த இரண்டு மேஜைக்குப் பரோட்டா போய்விட்டது. அத்தை கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் "இந்தா வருதும்மா" என்ற பதில் மட்டும் வந்தது. தெளித்த தண்ணீர் இலையில் காய்ந்தே போயிற்று. அப்பா எழுந்துவிட்டார். சத்தம் போடவில்லை. கல்லாவில் இருந்தவரிடம் போய், "இலையைப் போட்டுட்டு ஆளைக் காக்க வைக்கக் கூடாது தம்பி. முடியலைன்னா இலையைப் போடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தார். அண்ணனுக்கு அவமானமாகிவிட்டது. எனக்கு அப்பா சொன்னது நூற்றுக்கு நூறு சரியென்று பட்டது, இன்றைக்கும் அப்படித்தான்.

இதில் சர்க்கரை மாத்திரை வேறு இருக்கிறது. சாப்பாட்டோடு போடுகிற சில மாத்திரைகளை முன்கூட்டியே போட்டுவிட்டுச் சோறு தாமதமானால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். 70-க்குக் கீழே போனால் வேர்க்கும், கை நடுங்கும், எரிச்சலும் வரும். "பெருசுக்கு எதுக்கெடுத்தாலும் கோவம்" என்று சுற்றி நிற்கிறவர்கள் நினைப்பதில் பாதி அந்த எரிச்சலாகக்கூட இருக்கலாம். அதனால் அப்பாவின் மாத்திரை என் பையில்தான் இருக்கும், சாப்பாடு இலைக்கு வந்த பிறகுதான் எடுத்துக் கொடுப்பேன். கோவில்பட்டி கடலைமிட்டாயும் வைத்திருப்பேன், அது சாதாரணப் பசிக்கு. சர்க்கரை இறங்கினால் கடலை உதவாது. வெறும் சர்க்கரை மூன்று டீஸ்பூனோ குளுக்கோஸோதான் சீக்கிரம் ஏறும்.

இந்த முறை வரிசையை மாற்றினோம். விடியுமுன் பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பி, தென்காசியில் இட்லி, வடை. கூட்டம் சேரும் முன் பழைய அருவியில் குளியல். வழியில் பையனுக்கு ரம்புட்டான். மதியக் கூட்டம் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே பார்டர் வந்துவிட்டோம். காரை நிறுத்தியதும் மைனி (அண்ணன் மனைவி) மட்டும் இறங்கிப் போய்க் கடைக்காரரிடம் கேட்டாள்: "அண்ணாச்சி, அஞ்சு பேரு. ஒரு பெரியவரு மாத்திரை போடணும். எப்ப இடம் கிடைக்கும்?" அவர் யோசித்து, "பத்து நிமிஷம்மா. அய்யாவ இங்கன வந்து உக்காரச் சொல்லுங்க" என்று கல்லுக்கு எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

அந்த ஸ்டூல் பெரிய காரியம் செய்தது. அப்பா மாஸ்டரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். உருண்டையை எண்ணெயில் அமுக்கி, வீசி, துணி மாதிரி மெலிசாக்கி, சுருட்டி வைக்கிறார். கல்லில் ஒட்ட ஒட்ட அடுக்கி, நிறம் வந்ததும் நாலைந்தை ஒன்றாகக் குவித்து இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடிக்கிறார். அடித்த அடியில் ஏடு ஏடாகப் பிரிகிறது. கல் நிறைய வெந்து ஒரே நேரத்தில் இறங்குவதால்தான் சாப்பாடு மேஜைகளுக்கு மொத்தமாகப் போகிறது, அப்புறம் கொஞ்ச நேரம் யாருக்கும் எதுவும் வருவதில்லை. அப்பாவுக்கு அது கண்ணெதிரே விளங்கிவிட்டது. "அடுத்தது நமக்குத்தான்" என்று அத்தையிடம் அவரே சொன்னார். அத்தை அன்று யாரையும் கூப்பிடவில்லை.

சாயங்காலம் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடை. அங்கே உட்கார இடமே கிடையாது, நின்றுதான் வாங்க வேண்டும். அந்த நீள வரிசையில் அப்பா முணுமுணுக்கக்கூட இல்லை. முன்னால் எத்தனை பேர் என்று தெரிகிறது, வரிசை நகர்கிறது, பின்னால் வந்தவனுக்கு முதலில் போகாது, எவர் வாயையும் பார்க்க வேண்டியதில்லை. அவருக்கு வேண்டியது இவ்வளவுதான். தன் முறை வந்ததும் பாதிக் கிலோ கட்டச் சொல்லிவிட்டு, எங்களுக்கெல்லாம் இலைத்துண்டில் சூடாக அல்வா வாங்கிக் கொடுத்தார். அவர் மட்டும் பையன் இலையிலிருந்து நகக்கண் அளவு கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். நெய் விரலில் வழிந்தது.

அடுத்தது பாபநாசம், அகத்தியர் அருவி. அங்கே கடையை நம்பிப் போவதாக இல்லை. புளியோதரை கட்டுகிற வேலையை மைனி எடுத்துக்கொண்டாள், எனக்குத் துவையல். பந்தி விசாரிக்கப் போவது அப்பா.