தோடிக்கு வேகம், தில்லானாவுக்குச் சட்டகம், தொடர்கதைக்கு வாரம்

பழைய பாட்டோ படமோ நாவலோ, "ஒட்டவே இல்லையே" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, எந்தப் பிரதி என்றுதான். பல நேரம் பழுது படைப்பில் இருப்பதில்லை, கைக்கு வந்த பிரதியில் இருக்கிறது. ஒவ்வொன்றும் ஓர் அளவுக்குள் பிறந்தது. தட்டுக்கு இத்தனை நிமிடம், திரைக்கு இத்தனை அகலம், வார இதழுக்கு இத்தனை பக்கம் என்று கணக்கு இருந்தது. அந்த அளவு கெட்டால் சுவையும் கெடும்.

நாயன வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியிலிருந்து தொடங்குகிறேன். வீதியுலாவில் மணிக்கணக்காக அந்த ராகத்தை வாசித்தவர். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய இசைத்தட்டு, அதாவது 78 தட்டு, அவ்வளவு நேரம் தராது. பத்து அங்குலத் தட்டென்றால் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல், பன்னிரண்டு அங்குலமென்றால் நாலு, நாலரை. அந்த நேரத்துக்குள் ராகம் முகம் காட்டியாக வேண்டும். அதனால் தட்டுக்கு வாசிக்கும்போது வித்வான்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். முதல் மூச்சிலேயே ராகத்தின் உயிர்ச் சுரத்தைப் பிடிப்பது, நடுவில் அலையாமல் நேரே தார ஸ்தாயிக்கு, அதாவது மேல் ஸ்தாயிக்கு, ஏறுவது, ஊசி கடைசி வட்டத்துக்கு வரும் முன்பு ஸட்ஜமத்தில் இறங்கி உட்காருவது. இந்தக் கட்டுக்கோப்பை ரசிக்கத் தெரிந்தவருக்குப் பழைய தட்டுகள் அலுக்கவே அலுக்காது. இரண்டு மணி நேரக் கச்சேரிப் பதிவையும் அதையும் ஒரே தராசில் நிறுப்பது சரியில்லை.

ஆனால் இணையத்தில் கிடைக்கும் பல பதிவுகளில் வேகம் சரியாக இருக்காது. காரணங்கள் சில. 78 வேகம் இல்லாத கருவியில் தட்டை 45 சுற்றில் ஓட்டிப் பதிந்து, பிறகு கணினியில் வேகத்தை ஏற்றுகிறார்கள். 78ஐ 45ஆல் வகுத்தால் 1.733. அதை 1.7 என்று போட்டுவிட்டால் சுருதி இறங்கிவிடும். கேசட் வழியாக வந்த பதிவென்றால், கருவியின் பெல்ட் தளர்ந்தோ மோட்டார் வேகம் மாறியோ இருக்கும். உரிமைச் சிக்கலில் மாட்டக் கூடாது என்று வேண்டுமென்றே அரைக்கட்டை ஏற்றிப் போடுகிறவர்களும் உண்டு. வேகம் நாலு சதவீதம் கூடினால் சுருதி அரைக்கட்டையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஏறும். சுருதி ஏறுவதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கமகம், அதாவது சுரத்தின் அசைவு, பதறுவதைப் பொறுக்க முடியாது. தோடியின் காந்தாரம் மெதுவாக, கனமாக அசைய வேண்டியது. வேகம் கூடினால் அது நடுக்கமாகிவிடும். நீள நாயனத்தின் அடிக்கனமும் முதல் வேலையாகக் காணாமல் போகும். ராஜரத்தினம் பிள்ளையிடம் நமக்கு வேண்டியதே அந்தக் கனம்தானே!

சரிபார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. திரைப்பாட்டென்றால் பாட்டுக்கு முன்னும் பின்னும் வரும் வசனத்தைக் கேளுங்கள். நமக்கு நன்றாகப் பழகிய நடிகரின் குரல் மெலிந்து கேட்டால் வேகம் கூடியிருக்கிறது. பழைய தொலைக்காட்சி ஒளிபரப்பிலிருந்தும் பால் (PAL) என்ற டிவி முறையில் வந்த விசிடியிலிருந்தும் எடுத்தவற்றில் இது நிறைய. திரைப்படம் ஓடுவது விநாடிக்கு 24 சட்டகம். பால் முறையில் அதை 25ஆக ஓட்டிவிடுவது வழக்கம். திருத்துவதும் சுலபம். ஆடாசிட்டி மென்பொருளில் வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் விளைவைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கெண்ணை 0.96 என்று கொடுங்கள். 24ஐ 25ஆல் வகுத்தால் வருவது அதுதான். தாளகதியை மட்டும் மாற்றும் விளைவைத் தொட்டுவிடாதீர்கள், சுருதி அப்படியே நிற்கும். விஎல்சி பிளேயரில் வேகத்தைக் குறைத்துக் கேட்டாலும் இதே தொல்லைதான். அது தானாகவே சுருதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒலி அமைப்புக்குள் போய் நேரநீட்சி என்ற தேர்வை நீக்கினால்தான் சுருதி சேர்ந்து இறங்கும்.

தட்டே கையில் இருந்தால் ஊசியைக் கவனியுங்கள். 78 தட்டின் பள்ளம் அகலம், பின்னால் வந்த எல்பி தட்டுக்கு மெல்லியது. எல்பி ஊசியை 78இல் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் போய், எண்பது வருட அழுக்கை வாசித்துக் காட்டும். 78க்கென்றே மூன்று மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) அளவு ஊசி கிடைக்கிறது. பதிந்த பிறகு இரண்டு சேனலையும் ஒன்றாக்கி மோனோவாக மாற்றுங்கள். இசை பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருப்பதால், மேலும் கீழுமாக வரும் சலசலப்பில் நல்ல பங்கு தானே அடங்கிவிடும். கழுவ ஸ்பிரிட் கூடவே கூடாது. 78 தட்டு அரக்கால் ஆனது, ஸ்பிரிட் அதைக் கரைக்கும். ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் இரண்டு மூன்று சொட்டு மென்மையான ஷாம்பு விட்டு, மெத்தென்ற துணியால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, வெறும் நீரால் அலசி, நிழலில் நிறுத்தி வைத்துக் காயவிடுங்கள். நடுவில் ஒட்டியிருக்கும் தாளில் ஈரம் படக் கூடாது.

கேசட்டுக்கு ஒரே குறிப்பு. வருடக்கணக்கில் சும்மா கிடந்த கேசட்டை எடுத்தவுடன் ஓட்டாதீர்கள். ஒருமுறை கடைசிவரை முன்னே சுற்றி, திரும்பப் பின்னே சுற்றிவிட்டு ஓட்டுங்கள். ஒட்டிக்கிடக்கும் நாடா தளரும். பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவது போலிருந்தால் உடனே நாடாவைப் பழிக்க வேண்டாம், கருவியில் நாடாவைப் படிக்கும் ஹெட் சாய்ந்திருக்கலாம். ஹெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகை ஜால்ரா ஒலி பளிச்சென்று வரும்வரை கால் சுற்று, அரைக்கால் சுற்றாகத் திருப்பிப் பாருங்கள். மோனோவில் கேட்டுக்கொண்டு திருப்பினால் சரியான இடம் சட்டென்று பிடிபடும்.

இனி தில்லானா மோகனாம்பாள். கதை, படம், இசை மூன்றும் ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று சளைக்காமல் நிற்பதற்குத் தமிழில் இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தோன்றவில்லை. கலைமணி என்ற பெயரில் கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதியது, கோபுலுவின் சித்திரங்களோடு வந்தது. ஏ.பி.நாகராஜன் 1968இல் படமாக்கினார். கே.வி.மகாதேவன் இசை. நாயனம் வாசித்தவர்கள் மதுரை சகோதரர்கள் எம்.பி.என்.சேதுராமன், பொன்னுசாமி.

இந்தப் படத்தைப் பார்க்கும்போது நடக்கும் பெரிய தவறு சட்டகத்தில். படம் பழைய சதுரவாக்குச் சட்டகம். இன்றைய டிவி 16:9. படத்தைத் திரை முழுக்க நிரப்ப வேண்டும் என்று இழுத்தால் எல்லாரும் மூன்றில் ஒரு பங்கு பருத்துப் போவார்கள். மேலும் கீழும் வெட்டினால் உயரத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு போய்விடும். பத்மினி ஆடும்போது கால் பங்கு என்பது ஒன்று தலை, இல்லையென்றால் பாதம். பரதத்தில் இரண்டில் எதை இழக்கச் சம்மதிப்பீர்கள்? "மறைந்திருந்து பார்க்கும்" பாட்டில் மோகனா ஆட, நாயனக்காரன் சண்முகசுந்தரம் (சிவாஜி) தூணுக்குப் பின்னால் நிற்கிறான். அபிநயம் கண்ணில், தாளம் காலில். ஷண்முகப்ரியா ராகத்தின் அந்த நடை ஜதியோடு சேர்ந்து விழுவது தெரியாமல் பார்ப்பது பாதிப் பாட்டைப் பார்ப்பதுதான். ரிமோட்டில் படத்தின் அளவை 4:3 என்றோ ஒரிஜினல் என்றோ மாற்றுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க டி.எஸ்.பாலையாவின் தவில் போதும். தவிலின் முகம் வட்டமாகத் தெரிந்தால் சட்டகம் சரி, முட்டை வடிவமென்றால் இன்னும் இழுபட்டிருக்கிறது. வெட்டுப்பட்டதா என்று அறிய எழுத்து ஓடும் பகுதியைப் பாருங்கள். பெயர்கள் விளிம்பை ஒட்டி நெருக்கிக்கொண்டு நின்றால் வெட்டியிருக்கிறார்கள்.

ஒலியிலும் அதே. டிவியின் சரவுண்ட் அமைப்பை அணைத்துவிடுங்கள். மோனோவாகப் பதிந்த படத்துக்குப் பிறகு எதிரொலி சேர்த்து ஸ்டீரியோ என்று கொடுத்திருக்கும் பதிப்புகளில் இரண்டு நாயனமும் ஒன்றோடொன்று குழம்பிவிடும். மோனோவில் கேட்டால் சகோதரர்கள் இருவரும் ஒரே மூச்சாகச் சேருமிடமும், ஒருவர் பிடித்துக்கொள்ள மற்றவர் மூச்சு வாங்குமிடமும் தெளிவாக விழும்.

சிவாஜியின் நடிப்பைப் பற்றி எல்லாரும் எழுதியாயிற்று. நான் ஒரேயொரு இடத்தைப் பார்க்கச் சொல்வேன்: மூச்சு. நாயனம் பிடிப்பவர் மூச்சு வாங்கும் நொடியில் கன்னம் தளரும், கழுத்து நரம்பு இறங்கும். அந்தத் தளர்ச்சி சங்கதி, அதாவது வாசிக்கும் இசைத் தொடர், முடியும் இடத்தில்தான் வர வேண்டும். நடுச் சங்கதியில் வந்தால் ஊதவில்லை என்பது தெரிந்துவிடும். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாலும் இந்தக் கணக்கு வியக்கும்படி ஒத்துப் போகிறது. விரலைப் பார்ப்பவர்களுக்கு இன்னொன்று. நாயனத்தில் வாசிக்கும் துளை ஏழுதான். அதற்கும் கீழே உள்ளவை சுருதிக்காக மெழுகு வைத்து அடைப்பவை. விரல் அங்கே போகாததைப் பிழை என்று நினைக்க வேண்டாம். வாத்தியத்தில் கயிறு கட்டித் தொங்குபவை வாயில் வைத்து ஊதும் மாற்றுச் சீவாளிகளும் அவற்றைச் சரிசெய்யும் ஊசியும்.

பழைய பிரதிகளில் பாட்டின் தொடக்கம் வெடுக்கென்று தாவினால் அது படத்தொகுப்பாளரின் குற்றமாக இருக்க வாய்ப்பு குறைவு. 35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஆயிரம் அடிச் சுருள் சுமார் 11 நிமிடம். சுருளின் தலையும் வாலும்தான் புரொஜக்டரில் மாட்டி மாட்டிக் கிழியும். கிழிந்ததை வெட்டி ஒட்டும் ஒவ்வொரு முறையும் சில சட்டகம் போகும். திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னிய சில விநாடிகளில் தாவல் வந்தால் அது சுருள் மாறும் இடம். அப்படிப்பட்ட இடத்தில் வரி விடுபட்டிருந்தால் இசைத்தட்டில் தேடுங்கள். மாறாகவும் நடக்கும்: தட்டின் நேரத்துக்காக ஒரு சரணத்தை விட்டிருப்பார்கள், அது படத்தில் மட்டும் இருக்கும். பிடித்த பாட்டுக்கு இரண்டு வடிவத்தையும் வைத்துக்கொள்வதே நல்லது.

பாட்டே இல்லாத அந்த நாள் (1954) படத்தை இத்தோடு சேர்த்துப் பார்க்கச் சொல்வேன். இயக்கியவர் வீணை வித்வான் எஸ்.பாலச்சந்தர். அவ்வளவு இசை தெரிந்தவர் எங்கே இசை வேண்டாம் என்று முடிவெடுத்தார் என்பதைக் கவனித்துப் பார்த்தால் பல காட்சிகள் புதிதாகத் தெரியும். இரவில், விளக்கை அணைத்துப் பாருங்கள். நிழல் நிறைந்த கறுப்பு வெள்ளைப் படம், பகல் வெளிச்சத்தில் பாதி போய்விடும்.

கடைசியாகத் தொடர்கதை. பொன்னியின் செல்வன் இழுக்கிறது என்பவர்கள் பெரும்பாலும் அதை ஒரே வாரத்தில் முடிக்கப் பார்த்தவர்கள். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்த கதை. 293 அத்தியாயத்தை அத்தனை வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ. போன வாரத்தை மறந்தவருக்காகவே அத்தியாயத் தொடக்கத்தில் நினைவூட்டல் வருகிறது. அடுத்த வாரம்வரை ஆளைப் பிடித்து வைக்கவே கடைசி வரியில் ஒரு கதவு தட்டப்படுகிறது, ஒரு கூக்குரல் கேட்கிறது. நூறு பக்கத்தை ஒரே மூச்சில் படித்தால் இதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் உத்தியாகத் தெரியும். ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயம் போதும். அத்தியாயம் முடிந்த இடத்தில் உண்மையாகவே புத்தகத்தை மூடுங்கள். ஐந்து மாதத்தில் முடியும், வந்தியத்தேவன் வீட்டு மனிதனாகிவிடுவான்.

கல்கியின் எழுத்து நாட்டுடைமையானதால் பதிப்புகள் ஏராளம், தரம் ஏறுமாறு. கடையில் நின்றபடியே சரிபார்க்கலாம். ஐந்து பாகங்களின் கடைசி அத்தியாய எண் வரிசையாக 57, 53, 46, 46, 91 என்று இருக்க வேண்டும். ஐந்தாம் பாகமான தியாக சிகரத்தின் இறுதியில் கல்கியின் முடிவுரை இருக்கிறதா என்று பாருங்கள். மற்றவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று கேட்ட வாசகர்களுக்கு அவர் அதில் பதில் சொல்கிறார். அதை விட்டுவிட்ட பதிப்பை நான் முழுப் பதிப்பென்று ஒப்புக்கொள்ள மாட்டேன். மணியம் வரைந்த சித்திரங்கள் இருந்தால் பத்து ரூபாய் கூடக் கொடுக்கலாம். ஐந்தையும் ஒரே தொகுதியாகக் கட்டியவை வேண்டாம். எழுத்து பொடியாக இருக்கும், நடுவில் பிரித்தால் முதுகு உடையும்.

இதழிலிருந்து கிழித்துச் சேர்த்துக் கட்டிய பழைய பைண்டிங் கிடைத்தால் விடாதீர்கள். அந்தக் காலத்து விளம்பரங்களோடும் சித்திரங்களோடும் கதை எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது என்பது அதில்தான் தெரியும். வாங்கியதும் துருப்பிடித்த ஊசிகளை எடுத்துவிடுங்கள், துரு தாளை அரிக்கும். கிழிசலுக்கு செல்லோடேப் போட வேண்டாம். சில வருடத்தில் பசை மஞ்சளாக ஊறிக் கறையாகும், டேப் உதிர்ந்தாலும் கறை போகாது. மெல்லிய டிஷ்யூ தாளும் நீர்க்கக் காய்ச்சிய மாவுப் பசையும் போதும். பசையைத் துளியளவுதான் தடவ வேண்டும், மிஞ்சினால் அதைத் தின்னவே ராமபாணப் பூச்சி வரும். அலமாரியில் வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து போட்டு, மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்துப் பக்கம் புரட்டி நிழலில் காற்றாட வையுங்கள்.