காற்றுப் படகின் பின்பலகையை வளவில் வைத்து ஒட்டிய அனுபவம்

என்னிடம் இருப்பது இரண்டே முக்கால் மீட்டர் நீளமுள்ள ஒரு பி.வி.சி. காற்றுப் படகு. அதற்கு 5 குதிரைத்திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு இன்ஜின். படகைச் சுருட்டினால் கார் டிக்கியில் அடங்கிவிடும். காரைக்குடியில் இருந்துகொண்டு படகு எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. தேவகோட்டை, திருவாடானை வழியாகப் போனால் ஒன்றேகால் மணி நேரத்தில் தொண்டி வந்துவிடும். அங்கே பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். காற்று இல்லாத காலையில் குளம் மாதிரி கிடக்கும். எங்கள் பக்கத்து ஊரணிகளில் படகை இறக்க நான் ஒருநாளும் நினைத்ததில்லை. குடிதண்ணீர் எடுக்கும் ஊரணியில் கால் கழுவவே விடமாட்டார்கள். அதில் பெட்ரோல் இன்ஜினை இறக்குவது பாவம் என்றுதான் எனக்கும் படுகிறது.

சிக்கல் தொடங்கியது போன சித்திரையில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் கடலில் நடமாட்டம் குறைவு. அதற்காகவே அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன். விடியற்காலையில் காற்றடித்து, மீட்டரில் 0.25 பார் அழுத்தம் சரியாக வைத்து, இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டுக் கரையேறினேன். அப்புறம் படகை இன்ஜினோடு மணலில் இழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது மணி ஒன்று. இன்ஜினைத் தாங்கும் பின்பலகையின் இடது கீழ்மூலையில், டியூப்போடு சேரும் பட்டி ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்து வாயைத் திறந்துகொண்டிருந்தது.

ஏன் பிரிந்தது என்று பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 டிகிரியில் 0.25 பார் வைத்த டியூப், வெயிலில் 50 டிகிரி ஆனால் உள்ளே அழுத்தம் 0.33 பாருக்குப் போய்விடும். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். தண்ணீரில் மிதக்கும்போது கடலே டியூப்பைக் குளிர்விக்கிறது. மணலில் அந்த உதவி கிடையாது. சூட்டில் பசையும் இளகும். அந்த நேரம் பார்த்து இருபத்தைந்து கிலோ இன்ஜின் பலகையில் தொங்கிக்கொண்டிருந்தது. கரையேறியதும் இன்ஜினைக் கழற்றி, டியூப்பின் ஒவ்வொரு காற்றறையிலும் கொஞ்சம் காற்றை இறக்கியிருந்தால் இது நடந்திருக்காது. இப்போது அதைச் செய்யாமல் நான் கரையில் உட்காருவதே இல்லை.

முதலில் சைக்கிள் பஞ்சருக்குப் போடும் ரப்பர் சொல்யூஷனைத் தடவினேன். அது ரப்பருக்கானது, பி.வி.சி.யில் பிடிக்காது. காய்ந்த மறுநாளே தோலாக உரிந்து வந்தது. அடுத்து, பி.வி.சி. என்றுதானே எழுதியிருக்கிறது என்று தண்ணீர்க் குழாய்க்குப் போடும் பசையை வாங்கிப் பூசினேன். குழாய் கெட்டியான பி.வி.சி., படகுத் துணி வளையும் பி.வி.சி. என்ற வித்தியாசம் அப்போது எனக்கு உறைக்கவில்லை. பூசிய இடம் அப்பளம் போல விறைத்து, மடித்ததும் வெடித்தது. இதைப் படிப்பவர்கள் யாரும் அந்தக் குழாய்ப் பசையைப் படகில் தொட வேண்டாம். அதைச் சுரண்டி எடுக்க மட்டும் எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. ஹாட் ஏர் கன்னால் மெல்லச் சூடு காட்டி, மழுங்கின கத்தியால் ஓரம் ஓரமாகத் தூக்கி, விரல்கடை விரல்கடையாக உரிக்க வேண்டியிருந்தது. சூடு ஒரு பொட்டு கூடினாலும் துணியே சுருங்கிவிடும்.

சரியான பசை, இரண்டு பாகமாக வரும் பாலியூரித்தேன் பசை. பசை ஒரு டப்பாவிலும், அதை இறுகவைக்கும் திரவம் சின்னப் புட்டியிலும் வரும். கூரியரில் வந்து சேர ஆனி முடிந்துவிட்டது. இந்தப் பசைக்குக் காற்றில் ஈரப்பதம் ஆகாது, தூசி ஆகாது, கடும் சூடும் ஆகாது. ஆடிக்காற்று வீசும் செட்டிநாட்டில் தூசி இல்லாத இடத்துக்கு எங்கே போவது?

ஐயா காலத்து வீடுதான் கைகொடுத்தது. வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரம் அகலமானது. படகை முழுதாக விரித்த பிறகும் நடக்க இடம் இருந்தது. சுண்ணாம்புச் சாந்துச் சுவரும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் வெயிலை உள்ளே விடுவதில்லை. காலை பத்து மணிக்கு வெளியே 35 டிகிரி, தாழ்வாரத்தில் 31. ஈரப்பதம் 52 சதவீதம். விடியற்காலையில் ஈரப்பதம் அதிகம் இருந்ததால் காத்திருந்தேன். மேல் திறந்த வளவு என்பதால் பசை நெடி அடைந்து நிற்காமல் காற்றில் கலைந்துவிடும். காற்று வரும் பக்கம் தார்ப்பாயைக் கட்டினேன்.

பசையும், துடைக்கிற எம்.இ.கே. (மெத்தில் எத்தில் கீட்டோன்) கரைப்பானும் சட்டென்று தீப்பற்றக்கூடியவை. ஆச்சியிடம் அதைச் சொன்னேன். "விளக்கு ஏத்துற நேரத்துக்குள்ள முடிச்சிருப்பா, நெடி போகாம நான் தீக்குச்சி கிழிக்க மாட்டேன்" என்றார். அன்று அடுப்பையும் வீட்டின் பின்பக்கமுள்ள மூன்றாங்கட்டுக்கு மாற்றிக்கொண்டார். அவர் அப்படி ஒத்துழைத்திருக்காவிட்டால் இந்த வேலையை வீட்டுக்குள் வைத்துச் செய்திருக்க மாட்டேன்.

ஒட்ட வேண்டிய இரு பக்கத்தையும் கரைப்பானில் நனைத்த வெள்ளைத் துணியால், துணியில் அழுக்கு வருவது நிற்கும் வரைக்கும் துடைத்தேன். என் டப்பாவில் 100 கிராமுக்கு 5 கிராம் என்று கலவை போட்டிருந்தது. சமையலறைத் தராசில் எடை பார்த்துக் கலந்தேன். கண்ணளவு இதில் உதவாது. மெல்லிசாக ஒரு பூச்சு, அரை மணி நேரம் காயவிட்டு இரண்டாவது பூச்சு. அது விரல் முதுகில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பதம் வந்ததும், சூட்டுக் காற்றை லேசாகக் காட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்கு வைத்து அழுத்தினேன். ஒருமுறை தொட்டால் தொட்டதுதான், நகர்த்த முடியாது. அதனால் முன்கூட்டியே பென்சிலால் கோடு போட்டிருந்தேன். சின்ன இரும்பு உருளையால் பலம் கொண்டமட்டும் உருட்டி, கடைசியில் அம்மிக் குழவியைத் துணியில் சுற்றி மேலே வைத்தேன். மணி இரண்டுக்குள் முடிந்தது. மாலை விளக்கேற்றும்போது நெடி சுத்தமாக இல்லை.

ஒரு வாரம் காற்றடிக்கவில்லை. எட்டாம் நாள் 0.20 பார் வைத்து, சோப்பு நுரையை மூட்டு நெடுகப் பஞ்சால் தடவினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. மறுநாள் அதே நேரத்தில் மீட்டர் பார்த்தேன், அதே அளவு. வேறு நேரத்தில் பார்த்தால் சூடு மாறுவதால் அழுத்தமும் மாறும், ஓட்டை இருக்கிறதோ என்று வீணாகப் பதற வேண்டிவரும்.

கடலுக்கு மட்டும் உடனே போகவில்லை. ஆடி, ஆவணியில் தொண்டிப் பக்கம் கச்சான் காற்று. மேற்கிலிருந்து வீசுவதால் கரையிலிருந்து கடலுக்குள் தள்ளும். காற்றுப் படகுக்கு எடை இல்லை, தண்ணீரில் பிடிமானமும் குறைவு. இன்ஜின் நின்றால் துடுப்பால் அதை எதிர்க்க முடியாது. வள்ளத்துக்காரர் ஒருவர், "தம்பி, கச்சான்ல இந்தப் பைய எடுத்துட்டு இறங்காதீங்க" என்று கையைப் பிடித்துச் சொன்னார். புரட்டாசியில் காற்று தணிந்த ஒரு காலையில், கடலோரக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டு, உயிர்காப்பு அங்கி மாட்டி, நான் தவறி விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் கயிற்றை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு இறங்கினேன். கரையை ஒட்டியே கால் மணி நேரம் மெதுவாக ஓட்டினேன். நிறுத்தி, இன்ஜின் திருகுகளை மறுபடி இறுக்கினேன். அப்புறம் பாதி வேகம், அப்புறம் முழு வேகம். கடற்புல் புரொப்பெல்லரில் இரண்டு தடவை சுற்றியது. அணைத்து, தூக்கி, எடுத்துவிட்டுத் தொடர்ந்தேன். கரைக்கு வந்து மூட்டில் நகத்தை விட்டுப் பார்த்தேன். நுழையவில்லை.

வீட்டுக்கு வந்ததும் டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி இன்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டேன். படகைக் கழுவி, நிழலில் உலர்த்தி, தளர்வாகச் சுருட்டி, ஆச்சியின் பழைய சேலையில் தூளி கட்டி இரண்டாங்கட்டு உத்தரத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். பழைய வீட்டில் எலிக்கு எட்டாத இடம் அதுதான். கழுவும்போது வலது மூலையிலும் பட்டி ஓரம் ஒரு நெல்லளவு தூக்கியிருப்பதைப் பார்த்தேன். ஐப்பசி ஈரத்தில் பசை பிடிக்காது. மாசி வரை படகு தூளியில்தான் இருக்கும்.