ஜெகதளாவில் பிறந்த பெய்ஸ்லிக்காரி

என் கணவர் வீட்டார் தங்களை ஹைலாண்டர்கள், அதாவது ஸ்காட்லாந்தின் வடக்கு மலைப்பகுதிக்காரர்கள், என்று பெருமையோடு சொல்லிக்கொள்பவர்கள். எடின்பரோவில் உள்ள மாமனார் வீட்டின் முன்னறையில், கில்ட் என்னும் முழங்கால் வரையிலான ஸ்காட்லாந்துப் பாவாடை அணிந்து கையில் வாளோடு நிற்கும் சிப்பாயின் வண்ணப் படம் ஒன்று மூன்று தலைமுறையாகத் தொங்குகிறது. அவர் மாமனாரின் எள்ளுத்தாத்தா என்பதும், 1852 பிப்ரவரி 26 அன்று தென்னாப்பிரிக்கக் கரையருகே பாறையில் மோதி மூழ்கிய பிர்க்கன்ஹெட் கப்பலிலிருந்து உயிர் தப்பியவர் என்பதும், பிறகு இந்தியாவுக்குப் போனார் என்பதும் வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்த கதை. எண்பத்து மூன்று வயதில் மாமனாருக்கு அதில் எவ்வளவு உண்மை என்று தெரிந்துகொள்ளும் ஆசை வந்தது. பழைய கையெழுத்தைப் படிக்கும் பொறுமை எனக்குத்தான் உண்டு என்று வேலையை என்னிடம் ஒப்படைத்துவிட்டார். அதை முடிக்க எனக்கு ஒன்றரை ஆண்டு ஆயிற்று.

என் தந்தை குன்னூரில் பத்திர எழுத்தராக இருந்தவர். கையில் இருக்கும் பத்திரத்திலிருந்து தொடங்கித் தாய்ப்பத்திரத்தை நோக்கிப் பின்னால் போக வேண்டும், நடுவில் ஒரு கிரயம் விடுபட்டாலும் அதற்கு முந்தியதெல்லாம் வெறும் காகிதம் என்பார். வம்சாவளி தேடுவதற்கும் அதே விதிதான் என்பதை நான் சற்றுத் தாமதமாகவே உணர்ந்தேன். தொடக்கத்தில், கட்டணம் வாங்கும் இணையதளம் ஒன்றில் யாரோ வரைந்து வைத்திருந்த குடும்ப மரத்தை அப்படியே எடுத்துக்கொண்டு 1746 கலோடன் போர் வரை ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டேன். பின்னர் சரிபார்த்தபோது, அந்த மரத்தின்படி ஒரு பெண் தன் தாய்க்கு ஐந்து வயதாக இருக்கும்போது பிறந்திருந்தாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, மாமனாரின் பிறப்புப் பதிவிலிருந்து புதிதாகத் தொடங்கினேன்.

ஸ்காட்லாந்தில் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு 1855 ஜனவரி 1 முதல் சட்டப்படி கட்டாயமானது. ஸ்காட்லண்ட்ஸ்பீப்பிள் என்ற அரசுத் தளத்தில் கிரெடிட் வாங்கிக்கொண்டு அந்தப் பதிவுகளின் படங்களைப் பார்க்கலாம். பிறப்புக்கு நூறாண்டு, திருமணத்துக்கு எழுபத்தைந்தாண்டு, இறப்புக்கு ஐம்பதாண்டு கடந்தால்தான் படம் இணையத்தில் திறக்கும். அதற்குப் பிற்பட்டவற்றை எடின்பரோவில் பிரின்சஸ் தெருவின் கிழக்கு முனையில் உள்ள பதிவு மாளிகைக்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ராபர்ட் ஆடம் வடிவமைத்த அந்தக் கட்டடத்தின் வாசலில் குதிரைமேல் வெலிங்டன் பிரபுவின் சிலை இருக்கிறது. குன்னூரை அடுத்த வெலிங்டனில் பள்ளிப் படிப்பை முடித்த எனக்கு, ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் அவரைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றும்.

ஸ்காட்லாந்துப் பதிவுகளின் பெரிய வசதி, பெண்கள் அவற்றில் தொலைந்து போவதில்லை என்பது. இறப்புப் பதிவில் இறந்தவரின் தந்தை பெயரோடு தாயின் பெயரும், அவள் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் இருக்கும். மாமனாரின் தாய், பாட்டி, கொள்ளுப்பாட்டி என்று பெண்வழியாகவே மூன்று இறப்புப் பதிவுகளைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினேன். கொள்ளுப்பாட்டியின் பதிவில் அவருடைய தந்தையின் தொழில், படை ஓய்வூதியர் என்று இருந்தது. படத்தில் நிற்பவர் அவர்தான்.

ஆனால் கொள்ளுப்பாட்டியின் பிறப்புப் பதிவு ஸ்காட்லாந்தில் எங்கும் இல்லை. மெக் என்று தொடங்கும் குடும்பப் பெயர் அவருக்கு. அதை முழுதாகவும், சுருக்கியும், எம் எழுத்துக்குப் பின் ஒரு மேற்கோள் குறி மட்டும் போட்டும் எழுதுவார்கள். மூன்று விதமாகவும் தேடிப் பார்த்துப் பயனில்லாமல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் போனேன். 1881-இல் பெய்ஸ்லி நகரில் பெற்றோருடன் இருபது வயதுப் பெண்ணாக இருக்கிறார். பிறந்த இடம் ஈஸ்ட் இண்டீஸ் என்று மட்டும் இருந்தது. அக்காலப் படைப் பதிவுகளில் அது பெரும்பாலும் இந்தியாதான். அதே வீட்டில் குடும்பத் தலைவரின் தொழிலாகச் செல்சி பென்ஷனர் என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்து அவர் ஓய்வு பெற்ற சிப்பாய்கள் தங்கும் லண்டன் செல்சி மருத்துவமனையில் வாழ்ந்தவரோ என்று ஒரு மாதம் குழம்பினேன். படை ஓய்வூதியத்தைச் செல்சி நிர்வாகம் வழங்கியதால், சொந்த ஊரில் இருந்தபடி அதைப் பெற்றவர்களுக்கும் அந்தப் பெயரே வழங்கியது என்பது பிறகுதான் தெரிந்தது.

பத்தாண்டு கழித்து 1891 கணக்கெடுப்பில், திருமணமாகிக் குழந்தைகளோடு இருக்கும் அதே பெண்ணைக் கண்டுபிடித்தேன். அந்த முறை கணக்கெடுத்தவர் சற்று ஆர்வமுள்ளவராக இருந்திருக்க வேண்டும். இந்தியா என்று எழுதி, அதன் பக்கத்தில் ஊர்ப் பெயரையும் சேர்த்திருந்தார். அட்டவணை தயாரித்தவர்கள் அதை ஜாக்டவுன் என்று படித்திருந்தார்கள். அப்படி ஓர் ஊர் சென்னை மாகாணத்தில் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் இருந்த எழுத்துக்கு மேலே குறுக்குக் கோடு போட்டிருந்தது. கடைசிப் பக்கமாக உயரமான இரண்டு ஆங்கில எழுத்துகள் அருகருகே நின்றன. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாய்விட்டுப் படித்தபோது ஜக்கடல்லா என்று வந்தது. அடுத்த நொடி என் காதில் விழுந்தது எங்கள் ஊர் பஸ் நடத்துநரின் குரல்: "ஜெகதளா, ஜெகதளா!" வெலிங்டனுக்கு அந்தப் பெயர் வருவதற்கு முன், பக்கத்துப் படகர் ஊரின் பெயரால் ஆங்கிலேயர் அதை அழைத்தது அப்படித்தான். 1850-களில் ஐரோப்பியப் படையினருக்காக அங்கே பாசறை கட்டினார்கள். என் கணவரின் பாட்டிக்குப் பாட்டி, நான் பள்ளிக்கூடம் போன சாலைக்குப் பக்கத்தில் பிறந்திருக்கிறார்.

பிறகு வேலை சற்று வேகமாக நடந்தது. இந்தியாவில் இருந்த ஐரோப்பியரின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை மாகாண வாரியாகப் படியெடுத்து லண்டனுக்கு அனுப்பி வந்தார்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலக ஆவணங்களில் வங்காளம் என்/1, சென்னை என்/2, பம்பாய் என்/3 என்று அவை வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. பெரும்பகுதியின் படங்கள் ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் கட்டணத்துக்குக் கிடைக்கின்றன. பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான சங்கமான ஃபிபிஸின் தளத்தில் இலவசமாகவும் நிறையத் தேடலாம். என்/2-இல் 1861-ஆம் ஆண்டு ஞானஸ்நானப் பதிவு கிடைத்தது. ஊர் ஜக்கடல்லா. தந்தை மாட்சிமை தங்கிய அரசியின் 74-ஆவது ஹைலாண்டர் படைப்பிரிவில் சாதாரணச் சிப்பாய். இந்தப் பதிவுகளில் தாயின் முதற்பெயர் மட்டும்தான் இருக்கும் என்பதால், ஸ்காட்லாந்து இறப்புப் பதிவு கையில் இல்லாவிட்டால் இது நம்மவர்தான் என்று உறுதி செய்திருக்க முடியாது.

படைப்பிரிவின் எண் தெரிந்ததும் முன்னறைப் படம் சந்தேகத்துக்கு உள்ளானது. 74-ஆவது படைப்பிரிவு 1787-இல் இந்தியப் பணிக்கென்றே திரட்டப்பட்டது. 1803-இல் அசாயே போரில், பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆன ஆர்தர் வெல்லெஸ்லியின் கீழ் நின்று பேரிழப்பைச் சந்தித்தது. 1809-இல் அதன் ஹைலாண்டர் உடை பறிக்கப்பட்டது. 1845-இல் ஹைலாண்டர் என்ற பெயர் திரும்பக் கிடைத்தபோது, டார்டன் என்னும் கட்டம் போட்ட துணியில் தைத்த கால்சட்டை கிடைத்ததே தவிர கில்ட் கிடைக்கவில்லை. ஆக, எள்ளுத்தாத்தா பணியில் கில்ட் அணிந்திருக்கவே முடியாது. படம் எங்கோ கடையில் வாங்கியதாக இருக்கலாம் என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, மாமனார் அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மறுபடி மாட்டிவிட்டார்.

1881 கணக்கெடுப்பில் எனக்குப் புரியாத ஒரு பெயர் இருந்தது. அந்த வீட்டில் இருபத்து நான்கு வயதுப் பெண் ஒருத்தி, வேறு குடும்பப் பெயரோடு, மணமாகாதவள் என்ற குறிப்போடு மருமகளாக எழுதப்பட்டிருந்தாள். மணமாகாதவள் எப்படி மருமகள் ஆவாள்? சட்டப்படி மகள் என்ற அந்த ஆங்கிலச் சொல்லை அக்காலத்தில் மாற்றாந்தந்தைக்கு மகள் முறையாகும் பெண்ணுக்கும் எழுதினார்கள் என்று பதிவு மாளிகையில் இருந்த பெண்மணி விளக்கினார். அந்தக் குடும்பப் பெயரை வைத்து என்/2-இல் தேடியதும் கதை முழுவதும் வெளிவந்தது. எள்ளுப்பாட்டியின் முதல் கணவர் அதே படைப்பிரிவில் சார்ஜென்ட். 1858-இல் சமவெளிப் பாளையம் ஒன்றில் காலரா கண்டு இறந்திருக்கிறார். பதினோரு வாரங்களில் அவருடைய மனைவி, கைக்குழந்தையோடு, நம் சிப்பாயை மணந்திருக்கிறார். மாமனாருக்கு அது சற்று உறுத்தியது. எனக்கு உறுத்தவில்லை. நூறு சிப்பாய்களுக்கு ஒரு சில மனைவியரை மட்டுமே படை தன் கணக்கில் ஏற்றுக்கொண்டு சோறும் இடமும் கொடுத்த காலம் அது. கணவன் இறந்து சில மாதங்களில் அந்த ரேஷனும் நின்றுவிடும். கடல் கடந்து வந்த இடத்தில், கையில் பிள்ளையோடு, அவர் வேறு என்ன செய்திருக்க முடியும்?

இனிச் சிப்பாயின் பணி ஆவணம். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 97 என்ற வரிசையில் ஓய்வூதியம் பெற்றுச் சென்ற சிப்பாய்களின் விடுவிப்புத் தாள்கள் உள்ளன. பணியில் இருக்கும்போதே இறந்தவர்களுக்கு அதில் இடமில்லை. அந்தச் சார்ஜெண்டைப் பற்றி எங்களுக்கு இன்றுவரை அதிகம் தெரியாததற்கு அதுவே காரணம். நம்மவர் இருபத்தோரு ஆண்டு பணி செய்து 1874-இல் ஓய்வு பெற்றவர் என்பதால் நான்கு பக்கத் தாள் கிடைத்தது. உயரம் ஐந்தடி ஆறு அங்குலம், பழுப்புக் கண், பிறந்த ஊர் பெய்ஸ்லி, தொழில் நெசவு. ஹைலாண்டர் என்று பெயர் பெற்ற படைக்குத் தாழ்நிலத் தொழில் நகரங்களிலிருந்து ஆளெடுத்தது அன்று சாதாரணம். விசைத்தறி வந்து கைத்தறிக்காரர்களின் கூலியைத் தின்றுகொண்டிருந்த காலத்தில், பெய்ஸ்லி நெசவாளர் வீட்டுப் பையனுக்குப் பட்டாளம் ஒரு வழியாகத் தெரிந்திருக்கும். நாம் புடவைக் கரையில் மாங்காய் என்று சொல்லும் வடிவத்தைக் காஷ்மீர் சால்வையிலிருந்து பார்த்து நெய்து, உலகமே அதை ஊரின் பெயரால் அழைக்கும்படி செய்தவர்கள் அந்த ஊர் நெசவாளர்கள்தான்.

பிர்க்கன்ஹெட் கதையைத் தீர்க்க நானே கியூவுக்குப் போக வேண்டியிருந்தது. டபிள்யூ.ஓ. 12 வரிசையில் உள்ள படைப்பிரிவு வருகைப் பட்டியல்களை நேரில்தான் புரட்ட முடிந்தது. அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் காட்டி வாசகர் அட்டை வாங்கினேன். பேனா உள்ளே அனுமதியில்லை, பென்சில் மட்டும்தான். மூன்று மாதத்துக்கு ஒரு பட்டியல், ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான பெயர்கள். அந்தக் கப்பலில் 74-ஆவது படைப்பிரிவுக்குப் போன ஆட்கள் இருந்தது உண்மை. பெண்களும் குழந்தைகளும் படகில் ஏறும்வரை வரிசை கலையாமல் நிற்க வைத்த சீட்டன் அதே படைப்பிரிவின் அதிகாரி என்பதும் உண்மை. ஆனால் நம்மவரின் பெயர் பட்டியலில் முதன்முதலாக வருவது 1853-இன் மூன்றாம் காலாண்டில். கப்பல் மூழ்கி ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. பாசறையில் தப்பி வந்தவர்களிடம் கேட்ட கதையைப் பேரப்பிள்ளைகளிடம் சொல்லி, அது நாளடைவில் அவருடைய கதையாகிவிட்டது போலும்.

அதே பட்டியலில் 1855-இல் படைப்பிரிவுக்குள் அவர் இருந்த கம்பெனி என்னும் உட்பிரிவு மலப்புரத்தில் இருந்ததாகக் குறிப்பு இருந்தது. அந்தச் செப்டம்பரில் மலபார் கலெக்டர் கொனோலி கோழிக்கோட்டில் மாப்பிள்ளைமார் எனப்படும் மலபார் முஸ்லிம்கள் சிலரால் கொல்லப்பட்டார். கொன்றவர்களைத் துரத்திச் சுட்ட அணியில் 74-ஆவது படையினரும் இருந்தார்கள். நம்மவர் அதில் இருந்தாரா என்பதைப் பட்டியல் சொல்லவில்லை. வீட்டில் அதை எப்படிச் சொல்வது என்று ரயிலில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். கடைசியில் படியெடுத்ததை அப்படியே மாமனாரிடம் கொடுத்துவிட்டேன்.

எஞ்சியிருந்தது அவருடைய பெற்றோர் யார் என்பது. சேரும்போது வயது பதினெட்டு என்று சொல்லியிருக்கிறார். பெய்ஸ்லியின் பழைய திருச்சபைப் பதிவேட்டில் பொருத்தமான பெயர் இல்லை. 1841 கணக்கெடுப்பில் அதே பெயரில் இரண்டு சிறுவர்கள் இருந்தார்கள், இரண்டு வீடும் நெசவாளர் வீடு. இங்கே எனக்கு உதவியது நம் வழக்கம் ஒன்றுதான். தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்பதால்தானே நாம் பேரன் என்கிறோம்? ஸ்காட்லாந்திலும் மூத்த மகனுக்குத் தந்தையின் தந்தை பெயர், இரண்டாம் மகனுக்குத் தாயின் தந்தை பெயர், மூத்த மகளுக்குத் தாயின் தாய் பெயர், அடுத்தவளுக்குத் தந்தையின் தாய் பெயர் என்று வைப்பது பழைய முறை. சிப்பாயின் பிள்ளைகளின் பெயர்களை வரிசையாக எழுதிப் பார்த்தால், மூத்த மகனின் பெயரும் இரண்டாம் மகளின் பெயரும் அந்த இரண்டு வீடுகளில் ஒன்றின் பெற்றோரோடு அச்சாகப் பொருந்தின. இதை மட்டும் வைத்து நான் முடிவு செய்யவில்லை. அந்தத் தாயின் இறப்புப் பதிவில் தகவல் கொடுத்தவராகக் கையெழுத்திட்டிருந்தவர் நம் சிப்பாயேதான். விடுவிப்புத் தாளில் இருந்த கையெழுத்தில் இருந்த அதே சாய்வு அதிலும் இருந்தது.

அந்த 1841 பக்கத்தில் பையனின் வயது நான்கு. பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதிய கணக்கெடுப்பு அது என்றாலும், பதினைந்துக்குக் கீழே உள்ளதை உள்ளபடியே எழுதினார்கள். பட்டாளத்தில் சேர்ந்தபோது அவனுக்குப் பதினாறுதான். பக்கத்தின் வலக்கோடியில், பிறந்த நாட்டைக் குறிக்கும் கட்டத்தில், தந்தையின் பெயருக்கு நேரே ஒற்றை எழுத்து, செங்குத்தாக ஒரு கோடு போல நின்றது. அயர்லாந்தைக் குறிக்கும் ஐ.

அதற்கு மேல் போக முடியவில்லை. அயர்லாந்தின் எந்தக் கவுண்டி என்றுகூடக் கணக்கெடுப்பில் இல்லை. டப்ளின் ஆவணக் காப்பகம் 1922-இல் உள்நாட்டுப் போரில் தீக்கிரையானதில் அந்நாட்டின் பழைய பதிவேடுகளில் பெரும்பகுதி அழிந்துவிட்டது.

மாமனார் எல்லாத் தாள்களையும் இரண்டு நாள் வைத்துப் படித்தார். மூன்றாம் நாள் குடும்பப் பைபிளை எடுத்து வரச் சொன்னார். அதன் முன்பக்கத்தில் கொள்ளுப்பாட்டியின் பெயருக்கு எதிரே பிறந்த இடம் மட்டும் அதுவரை வெறுமையாக இருந்தது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த ஊரின் பெயரை அங்கிருப்பவர்கள் சொல்வது போல மெதுவாகச் சொல்லும்படி என்னிடம் கேட்டார். ஜெ-க-த-ளா என்று நான் சொல்ல, அவர் நாக்கைச் சுழற்றி நான்கு முறை சொல்லிப் பார்த்துவிட்டு எழுதினார். ளகரம் அவருக்குக் கடைசிவரை வரவில்லை.