அறுபதுக்கு மேல் சோற்றைக் குறைக்கிறவர்களுக்கு

சர்க்கரை இருக்கிறவர் அறுபது வயசுக்கு மேல சாப்பாட்டை மாத்தணும்னு முடிவெடுத்தா, முதல்ல கை வைக்கிறது ராத்திரிச் சோத்துலதான். அங்கேயே தப்பு ஆரம்பிக்குது.

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்க. கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு என்று இருந்தாலோ, இன்சுலின் போட்டாலோ, சோறு குறைஞ்சாலும் மருந்து தன் வேலையை விடாது. ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிடலாம். பகல்ல இறங்கினா வேர்வையும் நடுக்கமும் காட்டிக்கொடுக்கும். தூக்கத்துல இறங்கினா யார் பார்ப்பா? பிரஷருக்கு அட்டினலால், மெட்டோபிரலால் மாதிரி மாத்திரை எடுக்கிறவங்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் அமுங்கிப்போகும், வேர்வை மட்டும் மிஞ்சும். அதனால ஒரு வாரம் வெறும் வயித்துலயும், மத்தியானம் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சும் பார்த்து எழுதுங்க. டாக்டர்கிட்ட காட்டி மாத்திரை அளவைப் பேசிட்டு, மத்தியானச் சோத்துல தொடங்குங்க.

சர்க்கரை அப்படி இறங்கிட்டா மூணு டீஸ்பூன் சீனியைத் தண்ணியில கரைச்சுக் குடிச்சு, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பார்க்கணும். வீட்டுல அல்வா இருக்கேன்னு அதை எடுக்காதீங்க. நெய் சேர்ந்தது, சர்க்கரை ரத்தத்துல ஏறத் தாமதமாகும். ஆள் மயங்கிக் கிடந்தா வாயில எதையும் ஊத்தாம 108-ஐக் கூப்பிடுங்க.

வெந்த சோறு 150 கிராம்ல மாவுச்சத்து மட்டும் 40 கிராமுக்கு மேல. தராசுல ஒரு தடவை நிறுத்துப் பார்த்தா கரண்டிக் கணக்கு பிடிபட்டுடும். குதிரைவாலிக்கு மாறிட்டேன்னு அதே அளவு சாப்பிட்டா பெரிய லாபம் இல்லை. கருப்பட்டியும் சீனிக் கணக்குதான். உடன்குடிக் கருப்பட்டின்னாலும் சரி.

குறைச்ச இடத்தை நிரப்ப நம்ம திருநெல்வேலி உளுந்தம்பருப்புச் சோறே போதும், பங்கைத்தான் மாத்தணும். வழக்கமா ஒரு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் தொலி உளுந்து (தோல் நீக்காத கருப்பு உளுந்து). அதைச் சரிக்குச் சரியாக்குங்க. உளுந்தை வாசம் வர வறுத்து, பத்துப் பல் பூண்டு, அரை ஸ்பூன் வெந்தயம், மூணு பங்கு தண்ணி விட்டுக் குக்கர்ல வைங்க. எள்ளுத் துவையலோட ஒரு கிண்ணம், அதோட நிறுத்திக்கணும். ஒரேயடியா பங்கை ஏத்தினா வயிறு உப்பும், ரெண்டு வாரத்துல மெல்ல ஏத்துங்க. சிறுநீரகம் சரியா வேலை செய்யாம ரத்தத்துல கிரியாட்டினின் கூடினவங்க பருப்பு அளவை டாக்டரைக் கேட்டுத்தான் வைக்கணும்.

சாப்பாட்டோட உடற்பயிற்சியும் வேணும். நடை நல்லதுதான், ஆனா தொடை பலம் நடையால மட்டும் வராது. நாற்காலியைச் சுவரோட ஒட்டிப் போடுங்க. டைல்ஸ் தரையில பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும். கையைக் கட்டிக்கிட்டு எழுந்து உட்காருங்க: அஞ்சு தடவை, இடைவெளி விட்டு இன்னொரு அஞ்சு, வாரத்துல மூணு நாள். எழும்போது மூச்சை அடக்கினா பிரஷர் ஏறும், வெளியே விடுங்க. முட்டி வலிச்சா தலையணை போட்டு உயரத்தைக் கூட்டலாம்.

நெல்லையப்பர் கோயில் பிரகாரத்துல நடக்கிறவங்க வெயில் ஏறுமுன்னே முடிச்சிடுங்க. சர்க்கரையால மரத்துப்போன பாதத்துக்குக் கல் சுடுறது தெரியாது, கொப்புளம் சாயங்காலம்தான் கண்ணுல படும். ராத்திரி படுக்குமுன்னே கண்ணாடியைத் தரையில வெச்சு உள்ளங்காலைப் பார்த்துடுங்க.

எச்பிஏ1சி சோதனையை, அதாவது ரெண்டு மூணு மாசச் சர்க்கரைச் சராசரியைக் காட்டுற ரத்தப் பரிசோதனையை, சாப்பாட்டை மாத்தி மூணு மாசம் கழிச்சு எடுங்க. அதுக்கு முன்னே எடுத்தா மாத்துறதுக்கு முன்னே சாப்பிட்ட சோத்துக் கணக்கும் அதுல கலந்திருக்கும்.