இரண்டாவது ரீடிங்

"மிஸ், நீங்க தப்பா அளந்தா அவங்களுக்குத் தெரியுமா?" அலாஸ்காவிலிருந்து பிள்ளைகளோடு பேசிய நேரலையில் ஒரு பையன் ஆராய்ச்சியாளர்களைப் பற்றிக் கேட்டது இவ்வளவுதான். "தெரியும்ப்பா, ஒவ்வொரு இடத்திலும் ரெண்டு தடவை அளக்கிறோம்" என்றேன். பொய் இல்லை. அன்று காலை ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஒரு தடவைதான் அளந்திருந்தேன்.

2007-இல் போலார்ட்ரெக் என்ற திட்டம் தொடங்கியதிலிருந்து எத்தனையோ ஆசிரியர்கள் ஆராய்ச்சிக் குழுக்களோடு துருவப் பகுதிகளுக்குப் போய் வந்துவிட்டார்கள். ஆனாலும் நான் இந்த மாதிரி ஒரு திட்டத்தில் போனேன் என்றால் எல்லோரும் பென்குயின் போட்டோதான் கேட்கிறார்கள். வட அலாஸ்காவில் ஏது பென்குயின்? நான் செய்தது மண்ணில் கம்பி குத்துகிற வேலை. கோடையில் மேல்மண் இளகும், அதற்குக் கீழே வருடம் முழுக்க உறைந்தே கிடக்கும் மண். கம்பி அதில் போய் நிற்கும்போது பாசி மட்டத்தில் விரலை வைத்துப் பிடித்து, உருவி, சென்டிமீட்டரைப் பார்க்க வேண்டும். கல்லில் பட்டால் ணங்கென்று கை அதிரும், உறைமண் என்றால் மந்தமாக நிற்கும். அந்த வித்தியாசம் கைக்குப் பிடிபட எனக்கு இரண்டு நாள் ஆனது. இப்படி இளகிய மண்ணின் ஆழத்தை அளக்க 1991-இல் தொடங்கிய கால்ம் என்ற வலைப்பின்னலின் பெரிய தளங்களில் 1 கிலோமீட்டர் சதுரத்துக்குள் 100 மீட்டருக்கு ஒன்றாக 121 புள்ளிகள் வைத்து அளப்பார்கள். எங்களுடையது அதற்குக் குட்டித் தம்பி மாதிரி.

கொசு என்று சொன்னால் நம்ம ஊர்க் கொசுவை நினைத்துக்கொள்ளக் கூடாது, வலைக்குள்ளேயே இருபது சுற்றும். பருத்திப்புல் மொத்தை மேல் கால் வைத்தால் ஆடும், நடுவில் வைத்தால் கணுக்கால் வரை தண்ணீர். மற்றவர்கள் தங்கள் வரிசையை முடித்துவிட்டு எனக்காக நின்றுகொண்டிருந்தார்கள். முதல் ரீடிங் 31. பக்கத்துப் புள்ளிகளில் 30, 33. கம்பியை மறுபடி குத்தாமல் 32 என்று எழுதினேன். பிளஸ் டூ பிராக்டிகலில் ஊசலை ஆட்டாமலே 9.8 வரும்படி ரீடிங் போட்ட கைதானே, தயங்கவே இல்லை.

ஒரு சென்டிமீட்டரால் ஆராய்ச்சி ஒன்றும் கவிழ்ந்துவிடாது. எனக்கு அது அன்றும் தெரியும். ஆனால் என்னை அங்கே கூட்டிப்போனது கம்பி குத்த ஆள் இல்லாமல் இல்லை. அளப்பது என்றால் என்ன என்று நான் திரும்பி வந்து பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும், அதற்குத்தான்.

கடைசி நாள் டால்டன் நெடுஞ்சாலையில் ஃபேர்பேங்க்ஸ் திரும்பும்போது வண்டியில் வைத்துச் சொன்னேன். ஆராய்ச்சியாளர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார், "எந்தப் புள்ளி?"

"ஞாபகம் இல்லை. கிழக்கு ஓரம் ஏதோ ஒன்று."

எதிரே வந்த லாரி கண்ணாடியில் கல்லை வாரி அடித்துவிட்டுப் போனது. அப்புறம் அவர், "சரி, சராசரியில் போய்விடும்" என்றார். அவ்வளவுதான், பேச்சு சாப்பாட்டுக்குப் போய்விட்டது.

அது ஆறுதலா, இல்லை ஆசிரியரிடம் இவ்வளவுதான் எதிர்பார்க்க முடியும் என்ற கணக்கா என்று இன்றும் எனக்குப் பிடிபடவில்லை. ஒருவேளை அவருக்குப் பசி, அவ்வளவுதானோ என்னவோ. ஆனால் மூன்று நாள் முன்பே சொல்லியிருந்தால் போய் மறுபடி அளந்திருக்கலாம். அளக்க முடியாத தூரம் வந்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது. நோட்டு வேறு அப்போது என் மடியிலேயே இருந்தது. திறந்து பார்த்திருந்தால் 31-க்குப் பக்கத்தில் 32 எங்கே என்று தேடியிருக்கலாம். அவரும் திறக்கச் சொல்லவில்லை, நானும் திறக்கவில்லை.

செப்டம்பரில் என் வகுப்பில் ஒரு பெண் வெப்பநிலை அட்டவணையில் ஒரு வரியைத் தானாக நிரப்பியிருந்தாள். அளவுக்கு மீறி அழகாகப் பொருந்தியதால் உடனே கண்டுபிடித்துவிட்டேன். இரண்டு மார்க் குறைத்தேன். அடுத்த வாரம் ஒரு மார்க்கைத் திருப்பிக் கொடுத்தேன். ஏன் மிஸ் என்று கேட்டாள். சும்மாதான் என்றேன்.