மானெக்‌ஷா என்ற மனிதர்

ஜூன் 27, ஃபீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷா 2008-ல் நீலகிரியின் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் மறைந்த நாள். வயது 94.

ராணுவத் தலைமைத் தளபதியாக அவர் நடத்திய 1971 பாகிஸ்தான் போரை எல்லோரும் அறிவோம். என் மனம் எப்போதும் போய் நிற்பது இரண்டாம் உலகப் போரின்போது, 1942 பிப்ரவரியில், பர்மாவின் சிட்டாங் ஆற்றங்கரையில்தான். வயிற்றில் இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்து கிடக்கிறார் இளம் கேப்டன் சாம். பிழைக்க மாட்டார் என்று நினைத்த தளபதி கோவன், தன் மிலிட்டரி கிராஸ் என்ற வீரப் பதக்கத்தின் ரிப்பனைக் கழற்றி அவர் மார்பில் குத்துகிறார். சிப்பாய் ஷேர் சிங் அவரைச் சுமந்துகொண்டு போய்க் காப்பாற்றுகிறார். அந்தத் தோள் இல்லையென்றால் 1971-ன் தளபதி நமக்கு ஏது! ஷேர் சிங்கின் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் பிடிவாதம்.

1971 ஏப்ரலில் போருக்குப் போகச் சொன்ன பிரதமர் இந்திராவிடம், மழைக்காலம் வருகிறது, படை தயாராக இல்லை என்று நேருக்கு நேர் மறுத்தார். பதவி விலகவும் தயாராக இருந்ததாகப் பின்னாளில் அவரே சொன்னார். டிசம்பரில் போர் மூண்டது. பதின்மூன்றே நாளில் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது.

ஓய்வுக்குப் பின் குன்னூர்தான் அவர் வீடு. அவருடைய இறுதிச் சடங்குக்கு நாட்டின் முதல் வரிசைத் தலைவர்கள் வரவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஊட்டியில் பார்சி கல்லறைத் தோட்டத்தில், மனைவி சில்லூவின் அருகே உறங்குகிறார். மலைக்குப் போகிறவர்கள் ஒரு பூ வைத்துவிட்டு வாருங்கள்.