தூக்கப் பரிசோதனையும் வீணான ஒரு கொழும்புப் பயணமும்

தூக்கப் பரிசோதனைக்காகக் கொழும்புக்குப் புறப்படுமுன், பிள்ளை பாவிக்கும் குளிசைகள் எல்லாவற்றின் பெயரையும் அங்குள்ளவர்களிடம் வாசித்துக் காட்டிவிடுங்கள். எங்களிடம் யாரும் கேட்கவில்லை. மட்டக்களப்பிலிருந்து இரவு ரயிலில் மகனைக் கூட்டிச் சென்ற பயணம் வீணாயிற்று.

உயர்தரம் படிக்கும் அவன் வகுப்பில் தூங்கி விழுவதையும், பகிடிக்குச் சிரித்தால் முழங்கால் தளர்ந்து சரிவதையும் கேட்ட ஒரு தனியார் கிளினிக், மனச்சோர்வு என்று குளிசை எழுதியது. சரிவது குறைந்தது, தூக்கம் குறையவில்லை. அக்குளிசைகள் கனவுத் தூக்கத்தை அடக்குபவை என்பதும், அத்தூக்கம் எவ்வளவு விரைவில் வருகிறது என்பதையே பரிசோதனை தேடுகிறது என்பதும், பதிவு மேசையில் இருந்தவர் கிளினிக் கொப்பியைப் புரட்டிவிட்டு, நிறுத்தி இரண்டு கிழமையாவது கழித்து வரச் சொன்னபோதுதான் தெரியவந்தது. திகதி தந்த நாளிலேயே இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் குளிசையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென விட்டால் சரிவு முன்னைவிடக் கடுமையாகும், வைத்தியரே படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

அடுத்த முறை பரிசோதனை ஒழுங்காக முடிந்து, பகலில் அடக்க முடியாத தூக்கம் வரும் நரம்பு நோயான நார்கோலெப்சி உறுதியாயிற்று.

நரம்பியல் வைத்தியர் பொறுமையாக விளக்கினார். விழிப்பைத் தாங்கி நிற்கும் ஹைப்போகிரெட்டின் என்ற இரசாயனத்தைச் சுரக்கின்ற மூளைக் கலங்கள் அழிந்துபோவதே மகனுக்கு வந்த வகை. அழிப்பது பெரும்பாலும் உடலின் சொந்த நோயெதிர்ப்புத் தொகுதியே என்று ஆய்வாளர் கருதுகின்றனர். அப்படிக் கருதக் காரணங்கள் உண்டு. 2009 பன்றிக் காய்ச்சலின் பின் சீனாவிலும், அக்காய்ச்சலுக்கான பாண்டெம்ரிக்ஸ் தடுப்பூசியின் பின் பின்லாந்திலும் சுவீடனிலும் புதிய நோயாளர் கூடினர். அக்கலங்களின் புரதத்தை இலக்குவைக்கும் டி கலங்கள் எனும் நோயெதிர்ப்புக் கலங்கள் நோயாளரின் இரத்தத்தில் இருப்பதை 2018 இல் கண்டனர். நோயெதிர்ப்போடு தொடர்புடைய எச்எல்ஏ மரபணுவின் ஒரு வகை இந்நோயாளரில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் உண்டு. எனினும் அது சுகதேகிகள் பலரிடமும் இருப்பதால், அம்மரபணுவைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனையை மட்டும் காசு கொடுத்துச் செய்து நோயை உறுதிப்படுத்த முடியாது. தங்கச்சிக்கும் வருமா என்று மனைவி கேட்டார். உடன்பிறந்தோருக்கு நூற்றில் ஒன்றிரண்டு பேரளவே வாய்ப்பு என்ற பதிலைக் கேட்டுத்தான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இவ்விளக்கத்தைக் கடிதமாகவும் கேட்டு வாங்கினோம். பெற்றோர் கூட்டத்தில் மகனைச் சோம்பேறி என்ற ஆசிரியரே அதை வாசித்தபின், இடைவேளையில் வாசிகசாலையில் சற்றுத் தூங்க அனுமதி பெற்றுத் தந்தார். மூலக் கடிதத்தை எங்கும் கொடுத்துவிடாதீர்கள். கேட்கும் இடமெல்லாம் போட்டோ கொப்பியே போதும்.